குறைந்த தூக்கம், நிறைந்த வேலை: ஷிப்ட் ஊரில் விழிப்போடு இருக்க ஒரு முழு வழிகாட்டி

மாலை ஆறரை மணிக்கு மலேசியாவின் கெடா மாநிலத்துப் பாடாங் செராய் சாலையோரம் சிறிது நேரம் நின்றால் போதும், இந்த வட்டாரம் எதை நம்பிப் பிழைக்கிறது என்பது தெரிந்துவிடும். 1996-இல் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்ட பிறகு, பால்மரம் வெட்டியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தொழிற்சாலை பஸ் ஏறத் தொடங்கினார்கள். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், வீட்டில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள், வார இறுதியில் கல்யாணம், நடுவில் கோவில் திருவிழா. இதில் தினமும் எட்டு மணி நேரம் தூங்குங்கள் என்று அறிவுரை சொல்பவர்களிடம் எனக்குச் சண்டை இல்லை. தூங்க முடிந்தால் தூங்கியிருப்போமே!

ஆகவே, தூக்கம் குறையத்தான் போகிறது என்று வைத்துக்கொண்டே இதை எழுதுகிறேன். பல ஆண்டுகள் இரவு ஷிப்ட்டில் தொழிற்சாலையின் லைன் (உற்பத்தி வரிசை) பார்த்தவன் என்ற முறையில் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தூங்காத உடம்பில் புதிதாக விழிப்பை உண்டாக்கும் பொருள் எதுவும் கடையில் விற்கப்படுவதில்லை. இருக்கிற விழிப்பை எந்த நேரத்துக்கு ஒதுக்கி வைப்பது என்பது மட்டுமே நம் கையில் இருக்கிறது. அந்த ஒதுக்கீட்டில் முதல் பங்கு வேலைக்கு அல்ல, வீடு திரும்பும் சாலைக்கு. ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

முதல் படி: மணிக்கணக்கை எழுதுங்கள்

"எனக்கு ஒன்றும் இல்லை, நன்றாகத்தான் இருக்கிறேன்" என்ற பேச்சை நம்பாதீர்கள், அது உங்கள் வாயிலிருந்தே வந்தாலும். அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், ஆரோக்கியமானவர்களை இரண்டு வாரம் தினமும் ஆறு மணி நேரமே தூங்க விட்டார்கள். முடிவில் அவர்களுடைய கவனமும் வேகமும், இரவு முழுக்கக் கண் விழித்தவர்களின் அளவுக்குச் சரிந்திருந்தன. ஆனால் அவர்களைக் கேட்டபோது, கொஞ்சம் களைப்பு, அவ்வளவுதான் என்றார்கள். தூக்கம் குறையும்போது முதலில் கெட்டுப்போவது, நமக்குத் தூக்கம் குறைந்திருக்கிறது என்று கண்டுகொள்ளும் அறிவுதான்.

எனவே உணர்வை விட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். கண் விழித்த நேரத்தை எழுதுங்கள். அதோடு பதினேழு மணி நேரத்தைக் கூட்டுங்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது கலந்தவரின் நிலைக்கு இறங்குகிறது என்று 1997-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். மலேசியாவில் 2020 அக்டோபர் முதல் வாகனமோட்டிகளுக்கான சட்ட வரம்பும் அதுதான்: 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 50 மில்லிகிராம். ஒரு சொட்டும் குடிக்காமலேயே அந்தக் கோட்டைத் தொட்டுவிடுகிறோம்.

இரவு ஏழு முதல் காலை ஏழு வரையிலான ஷிப்ட்டின் முதல் நாளைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். காலை ஏழு மணிக்கு எழுந்தால் நள்ளிரவிலேயே பதினேழு ஆகிவிடுகிறது. இன்னும் ஏழு மணி நேர வேலை பாக்கி. மறுநாள் காலை மோட்டார் சைக்கிளை முடுக்கும்போது இருபத்து நான்கைத் தாண்டிவிட்டிருப்பீர்கள். முதல் இரவு ஏன் எப்போதும் ஆகக் கொடியதாக இருக்கிறது என்பதற்கு இந்தக் கணக்கே பதில்.

இரண்டாம் படி: வேலைக்கு முன்பே தூங்கிவிடுங்கள்

தூக்கம் வந்த பிறகு அதோடு போராடுவதைவிட, வருவதற்கு முன்பே ஒரு தவணை தூங்கிவிடுவது பல மடங்கு பயன் தரும். எங்கள் லைனில் பலரும் தவற விட்டது இதைத்தான். பகலெல்லாம் வெளிவேலைகளை முடித்துவிட்டு, ஆறு மணிக்குக் கொஞ்சம் படுத்துப் பார்க்கலாம் என்பார்கள். அது நடக்காது. வழக்கமாக இரவில் தூங்குபவர்களின் உடம்பு, மாலை ஆறு முதல் எட்டு, ஒன்பது மணி வரை தூக்கத்தைப் பிடிவாதமாகத் தள்ளி நிற்கும். கண்ணை மூடிக்கொண்டு கூரையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

சரியான நேரம் பிற்பகல் ஒன்றிலிருந்து நான்கு வரை. உண்ட மயக்கம் தொண்டனுக்கும் உண்டு என்பார்கள். ஆனால் பழி முழுவதையும் சோற்றின் மீது போட வேண்டாம். சாப்பிடாமல் இருந்தாலும் அந்த நேரத்தில் உடம்பின் கடிகாரம் ஒரு முறை தாழ்கிறது. அந்தத் தாழ்வைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். இரவு ஏழு மணி ஷிப்ட் என்றால் இரண்டு மணிக்குப் படுத்து மூன்றரைக்கு எழுவது நல்ல ஏற்பாடு. தூக்கத்தின் ஒரு முழுச் சுற்று ஏறக்குறைய தொண்ணூறு நிமிடம். அவ்வளவு நேரம் இல்லையென்றால் இருபது நிமிடத்தோடு எழுந்துவிடுங்கள். முக்கால் மணி, ஒரு மணி நேரம் என்று நடுவில் எழுந்தால் ஆழ்ந்த தூக்கத்திலிருந்து பிடுங்கி எடுத்தது போல் இருக்கும். அந்த மந்தம் தெளிய அரை மணி நேரம்கூட ஆகலாம்.

தகரக் கூரை வீட்டில் பிற்பகல் இரண்டு மணிக்கு எப்படித் தூங்குவது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. காலை வெயில் பட்ட அறையை அப்போது நாடுங்கள். மேற்குப் பக்கச் சுவர் அந்த நேரத்தில் கொதிக்கும். தரையில் பாய் விரித்தால் கட்டிலைவிடச் சற்றுக் குளுமை. படுப்பதற்கு முன் குளித்துவிடுங்கள், மின்விசிறியைக் கால் பக்கமாகத் திருப்புங்கள், சன்னலுக்குக் கறுப்புத் துணி போடுங்கள். பிள்ளைகள் பள்ளியிலிருந்து வரும் நேரத்தை முன்கூட்டியே கணக்கில் கொள்ளுங்கள். கைப்பேசி வேறு அறையில் இருக்கட்டும். எழுப்புவதற்கு ஒரு சாதாரண அலாரக் கடிகாரம் போதும்.

மூன்றாம் படி: கோப்பியை நேரம் பார்த்துக் குடியுங்கள்

கண் விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. அது தனக்குரிய இடங்களில் போய் ஒட்டும்போது தூக்கம் வருகிறது. காஃபின் அந்த இடங்களில் முந்திக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறது. அடினோசின் எங்கும் போய்விடவில்லை, வெளியே காத்துக்கொண்டிருக்கிறது. அதனால்தான் கோப்பியின் வேகம் இறங்கும்போது தூக்கம் மொத்தமாக வந்து விழுகிறது.

இதிலிருந்து சில நடைமுறைகள் தாமாகவே கிடைக்கின்றன. குடித்த காஃபின் முழு வேலை காட்ட அரை மணி நேரம் ஆகும். எனவே தலை சாய்ந்த பிறகு குடிப்பது தாமதம். அதில் பாதி உடம்பை விட்டுப் போகச் சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். படுக்கைக்கு ஆறு மணி நேரத்துக்கு முன் நிறையக் குடித்தாலும் தூக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைகிறது. ஆகவே காலை ஒன்பது மணிக்குப் படுப்பவருக்குக் கடைசிக் கோப்பி அதிகாலை மூன்று மணிக்கு. அதற்குப் பிறகு தண்ணீர் மட்டும்.

ஒரே தடவையில் பெரிய குவளை நிறையக் குடிப்பதைவிட, இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை அரைக் குவளை நல்லது. ஒரு குவளை கோப்பியில் சுமார் 80 முதல் 100 மில்லிகிராம் காஃபின் இருக்கும், தேநீரில் அதில் பாதி. நம் கோப்பிக்கடைத் தூளில் ரோபஸ்டா கொட்டை கலந்திருந்தால் இன்னும் கூடும். ஆரோக்கியமான பெரியவருக்கு ஒரு நாளின் உச்ச அளவு 400 மில்லிகிராம், கர்ப்பிணிகளுக்கு 200.

இனிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. இரவு முழுவதும் தே தாரேக் குடித்தால் காஃபினோடு கெட்டிப்பாலும் சேர்ந்து உள்ளே போகிறது. இந்த நாட்டில் நீரிழிவு நம் இந்தியர்களிடம்தான் ஆக அதிகம். கடைக்காரரிடம் "கோப்பி ஓ கோசோங்" (பாலும் சீனியும் இல்லாத கோப்பி) என்று சொல்லப் பழகுங்கள். முதல் வாரம் கசக்கும், பிறகு அந்த இனிப்புக் கோப்பிதான் வாயில் ஒட்டாது.

நான்காம் படி: மூன்றிலிருந்து ஐந்து வரை

இரவில் உடம்பு வெப்பம் ஆகத் தாழ்வது அதிகாலை நான்கு, ஐந்து மணிக்கு. விழிப்பும் அதோடு சேர்ந்து தாழ்கிறது. முந்திய பகலில் நன்றாகத் தூங்கியவருக்கும் இது உண்டு.

சந்தேகம் இருந்தால் உங்கள் லைனின் பதிவுத் தாளை எடுத்துப் பாருங்கள். இரவு பத்து மணிக்கு எழுதிய எண்கள் கட்டத்துக்குள் ஒழுங்காக நிற்கும். நான்கு மணிக்கு எழுதியவை சரியத் தொடங்கியிருக்கும். 7 எது, 1 எது என்று தெரியாது. ஒரு கட்டத்தில் பேனா முனை கீழே இழுத்துக்கொண்டு போய் அடுத்த வரியில் நின்றிருக்கும். எழுதியவருக்கு அது நினைவில் இருக்காது. சில நொடி நேரம் கண் திறந்தபடியே மூளை உறங்கிவிட்டதற்கான தடயம் அந்தக் கோடு.

அந்த இரண்டு மணி நேரத்துக்கான வேலையைப் பத்து மணிக்கே திட்டமிடுங்கள். எண்ணிக்கை சரிபார்ப்பு, புதிய அமைப்பு மாற்றம், தவறினால் ஒரு தொகுதியே வீணாகிவிடும் வேலை ஆகியவற்றை ஒரு மணிக்கு முன்பே முடித்துவிடுங்கள். நடமாட்டம் உள்ள வேலைகளை நான்கு மணிக்கு வையுங்கள்: பொருள் எடுத்து வருவது, துடைப்பது, அடுக்குவது. எண் படிக்க வேண்டியிருந்தால் வாய்விட்டுப் படியுங்கள், பக்கத்தில் இருப்பவர் திருப்பிச் சொல்லட்டும். வெளிச்சம் அதிகமுள்ள இடத்தில் நில்லுங்கள். பேசுங்கள், ஊர்வம்பு பேசுவதற்கு இதைவிடப் பொருத்தமான நேரம் கிடையாது.

சாப்பாடு பெரிய விஷயமில்லை. நள்ளிரவுக்கு முன் ஒரு மிதமான சாப்பாடு, பிறகு வாழைப்பழம், முட்டை, கடலை போன்றவை. இரண்டு மணிக்கு நாசி லெமாக் பொட்டலம் இரண்டை முடித்துவிட்டு இயந்திரத்தின் முன் உட்காராதீர்கள்.

ஐந்தாம் படி: இடைவேளையில் இருபது நிமிடம்

நாசா 1990-களில் வெளியிட்ட ஓர் ஆய்வில், நீண்ட தூர விமானிகளை நடுப்பயணத்தில் முறை வைத்து நாற்பது நிமிடம் ஓய்வெடுக்க விட்டார்கள். சராசரியாக இருபத்தாறு நிமிடமே தூங்கினார்கள். தூங்காத குழுவைவிட அவர்களின் கவனம் தெளிவாகக் கூடியிருந்தது. விமானி தூங்கலாம், நாம் தூங்கினால் சோம்பேறி என்று பெயர். இந்த வழக்கத்தை மாற்ற வேண்டியது மேற்பார்வையாளர்கள்தான்.

செய்முறை இதுதான். இடைவேளை தொடங்கியதும் முதலில் கோப்பியைக் குடித்துவிடுங்கள், உடனே கண்ணை மூடுங்கள், இருபது நிமிடத்துக்கு அலாரம் வையுங்கள். காஃபின் ஏறத் தொடங்கும் நேரமும் நீங்கள் எழும் நேரமும் ஒன்றாக அமையும். இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் தூக்கக் கலக்கத்தில் இருந்த ஓட்டுநர்களிடம் இதைச் சோதித்தார்கள். கோப்பி மட்டும் குடித்ததைவிட இரண்டும் சேர்ந்தது நல்ல பலன் தந்தது. உறக்கம் வராமல் கண்ணை மூடிக் கிடந்தாலும் நட்டமில்லை. எழுந்ததும் முகம் கழுவி, சில நிமிடம் நடந்த பிறகே இயந்திரத்தைத் தொடுங்கள்.

ஆறாம் படி: வீடு திரும்பும் சாலை

இப்போது அந்த முதல் பங்குக்கு வருகிறேன். லைனில் கண் அசந்தால் ஒரு தட்டுப் பொருள் வீணாகும். சாலையில் அசந்தால் என்ன ஆகும் என்பதற்கு விளக்கம் தேவையில்லை. மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் நான்கு நொடி கண் மூடினால், வண்டி நூறு மீட்டர் தானாகவே ஓடியிருக்கும். மலேசியச் சாலை மரணங்களில் அறுபது விழுக்காட்டுக்கு மேல் மோட்டார் சைக்கிள்காரர்கள். காரில் இருப்பவரைச் சுற்றி இரும்பாவது இருக்கிறது.

தொழிற்சாலை பஸ் இருந்தால் பஸ்ஸில் போங்கள். நாற்பது நிமிடம் சுற்றிக்கொண்டு வந்தாலும் பரவாயில்லை, அந்த நாற்பது நிமிடமும் தூக்கம்தான். பஸ் இல்லையென்றால், குறைந்தது ஷிப்ட்டின் முதல் இரவு முடிந்த காலையாவது யாராவது வந்து அழைத்துப் போக ஏற்பாடு செய்யுங்கள். இரண்டு பேர் ஒரே காரில் போவதானால், பக்கத்தில் இருப்பவரின் வேலை தூங்குவது அல்ல, ஓட்டுபவரிடம் பேசிக்கொண்டே வருவது.

எப்போது நிறுத்த வேண்டும்? கடந்த இரண்டு கிலோமீட்டர் எப்படி வந்தோம் என்று நினைவில்லை என்றால் அப்போதே. வழக்கமான சந்திப்பைத் தாண்டிவிட்டால், தொடர்ந்து கொட்டாவி வந்தால், சாலைக் கோட்டிலிருந்து வண்டி விலகினால் அப்போதே. கண்ணாடியைத் திறப்பது, பாட்டைச் சத்தமாக வைப்பது, தொடையைக் கிள்ளுவது ஆகியவை சில நிமிடத்துக்கு மேல் தாங்காது. எண்ணெய் நிலையத்திலோ பசியாறும் கடையிலோ ஒதுங்கி இருபது நிமிடம் தூங்குங்கள். காருக்குள் தூங்கினால் எஞ்சினை அணைத்துவிட்டுக் கண்ணாடியைச் சற்று இறக்கி வையுங்கள். எஞ்சின் ஓட, கதவை மூடிக்கொண்டு தூங்கியவர்கள் கார்பன் மோனாக்சைடு நச்சால் இறந்திருக்கிறார்கள்.

வீட்டுக்குப் போக இன்னும் ஐந்து நிமிடம்தானே என்ற நினைப்புதான் ஆக ஆபத்தானது. பழகிய சாலையில் மூளைக்கு வேலையே இல்லை.

ஏழாம் படி: பகல் தூக்கத்தை இரண்டாகப் பிரியுங்கள்

காலையில் படுத்தால் ஐந்து மணி நேரத்துக்கு மேல் பெரும்பாலோர் தூங்க முடியாது, உடம்பின் கடிகாரமே எழுப்பிவிடும். அதை நினைத்து வருந்த வேண்டாம். ஒன்பதிலிருந்து ஒன்று வரை ஒரு தவணை, பிற்பகலில் தொண்ணூறு நிமிடம் இன்னொரு தவணை என்று பிரித்துக்கொள்ளுங்கள். வெயிலில் நின்று பேசிக்கொண்டிராமல் நேரே வீட்டுக்குள் போங்கள். பஸ்ஸில் வருபவர்கள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளலாம். வண்டி ஓட்டுபவர்களுக்கு அது வேண்டாம். பக்கத்து வீட்டுப் புல்வெட்டும் இயந்திரத்துக்குக் காதடைப்பு உண்டு. கோவில் ஒலிபெருக்கிக்கு அதுவும் போதாது, நிர்வாகத்திடம் போய்ப் பேசத்தான் வேண்டும்.

உறவினர்களுக்குப் புரிய வைப்பது இதைவிடக் கடினம். பகலில் வீட்டில் இருப்பவர் சும்மா இருக்கிறார் என்பது அவர்கள் எண்ணம். ஷிப்ட் அட்டவணையைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி, தூங்கும் நேரத்தைச் சிவப்பில் வட்டமிடுங்கள். அத்தை வந்து கதவைத் தட்டினால் அட்டவணை பதில் சொல்லட்டும்.

பகல் வேலைக்காரர்களுக்கு

இன்னமும் தோட்டத்தில் இருப்பவர்களுக்குக் கதை வேறு. விடியற்காலைக் குளிரில் மரத்துக்குள் அழுத்தம் கூடியிருக்கும்போதுதான் பால் நன்றாக ஓடும் என்பதால், வெட்டு எப்போதும் வெயிலுக்கு முந்தியது. முன்பெல்லாம் பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, தப்படித்து எழுப்பினார்கள். ஆனால் அப்போது பல தோட்டங்களில் ஜெனரேட்டரும் இரவில் நின்றுவிடும், விளக்கு போனால் லயமே (தொழிலாளர் குடியிருப்பு வரிசையே) படுத்துவிடும். எழும் நேரம் அப்படியே இருக்க, படுக்கும் நேரத்தை மட்டும் தொலைக்காட்சியும் கைப்பேசியும் நள்ளிரவுக்குத் தள்ளிவிட்டன. நான்கரைக்கு எழுந்து பிள்ளைகளுக்குச் சமைக்கும் தாய்மார்களுக்கும் இதே நிலைதான். காய்கறியை முன்னிரவே நறுக்கி வைத்து, சட்டைகளைத் தேய்த்து மாட்டிவிட்டால் காலையில் அரை மணி நேரம் மிஞ்சும். அந்த அரை மணி நேரத்தை வேறு வேலைக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) எழுதும் பிள்ளைகள் விடிய விடியப் படிப்பது வீண். படித்ததை மூளை பதித்து வைப்பதே தூக்கத்தில்தான்.

தொடக்கூடாதவை

கெடாவில் இதைச் சொல்லாமல் இருக்க முடியாது. கெத்தும் இலை நீர் களைப்பைப் போக்கும் என்று நண்பர்கள் போத்தலில் கொண்டுவந்து நீட்டுவார்கள். அது பழக்கமாகிவிடும், நிறுத்தினால் உடம்பு வலிக்கும், 1952-ஆம் ஆண்டு நச்சுப் பொருள் சட்டத்தின் கீழ் குற்றமும் ஆகும். "பில் குடா" மாத்திரையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், அது மெத்தம்பெட்டமின். இன்னொரு பக்கம், சளிக்கு வாங்கும் சில மாத்திரைகள் தூக்கத்தை வரவழைக்கும். வேலைக்குப் போகும் முன் எடுக்கலாமா என்று மருந்தாளுநரிடம் கேட்டுவிடுங்கள்.

மருத்துவரும் சட்டமும்

ஏழு மணி நேரம் தூங்கியும் பகலில் கண் சொருகினால் கோளாறு அட்டவணையில் இல்லை. பலத்த குறட்டை, தூக்கத்தில் மூச்சு நின்று திணறுவது, காலைத் தலைவலி ஆகியவை இருந்தால் தூக்க மூச்சுத்தடையாக இருக்கலாம். வீட்டில் உள்ளவரைக் கைப்பேசியில் அந்தச் சத்தத்தைப் பதிவு செய்யச் சொல்லி மருத்துவரிடம் போட்டுக் காட்டுங்கள். இரத்தசோகை, தைராய்டு, இரவில் பல முறை சிறுநீருக்கு எழுப்பும் நீரிழிவு ஆகியவற்றையும் சோதிக்கச் சொல்லுங்கள். குடிமக்களுக்கு அரசாங்க கிளினிக்கில் ஒரு ரிங்கிட்தான் கட்டணம்.

மிகைநேர வேலைக்கு ஒப்புக்கொள்ளும் முன் இந்த எண்களை நினைவில் வையுங்கள். வேலைச் சட்டப்படி வாரத்துக்கு 45 மணி நேரம் சாதாரண வேலை. 2023 ஜனவரி முதல் இந்த அளவு நடப்பில் இருக்கிறது. மிகைநேரம் மாதத்துக்கு 104 மணிக்கு மேல் போகக்கூடாது. அவசர நிலைகள் தவிர்த்து, ஒரு நாளில் மொத்தம் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் முடிந்த கையோடு "இன்னும் இரண்டு மணி நேரம் இருக்க முடியுமா?" என்று கேட்டால், முடியாது என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. வேலைக்கும் வீட்டுக்கும் இடையிலான பயணத்தில் நேரும் விபத்துக்குச் சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) பாதுகாப்பு இருக்கிறது. ஆனால் சொந்த வேலையாக வழி மாறிப் போயிருந்தால் கோரிக்கை சிக்கலாகிவிடும். எனவே ஷிப்ட் முடிந்த காலையில் சந்தைக்கும் வங்கிக்கும் போகும் வேலையைத் தூங்கி எழுந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.